கர்னல் ஹில்டா லாசரஸ் அம்மையார்

ஹைதராபாத் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலூர் என்னும் பெயர் புதியதன்று. உள்ளூர் வைத்தியத்தில் தீராத நோயென்றால் காட்பாடிக்குப் பயணச்சீட்டு வாங்குவது நம்மவர் வழக்கம். அவ்வேலூர் மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் இந்தியர்களுள் முதன்முதலாக இயக்குநராக இருந்து நடத்தியவர் ஒரு பெண்மணி என்பதும், அவர் இராணுவப் பட்டம் பெற்ற மகப்பேற்று மருத்துவர் என்பதும் நம்முள் பலர் அறியாதன. அவரே டாக்டர் ஹில்டா மேரி லாசரஸ் அம்மையார்.

அம்மையார் 1890-ஆம் ஆண்டில் விசாகப்பட்டினத்தில் பிறந்தார். தந்தையார் டேனியல் லாசரஸ் பள்ளித் தலைமையாசிரியர். பெண் மக்களைப் படிக்கவைப்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், தம் மகளை மருத்துவம் பயில அனுப்பிய பெருமை அவருக்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அம்மையார், பிரசவ வைத்தியத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் லண்டனிலும் டப்ளினிலும் அத்துறையிலேயே மேற்பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

அந்நாளைய நிலைமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோஷா முறையில் வாழ்ந்த பெண்டிர், ஆண் மருத்துவர் தம்மைத் தீண்டிப் பார்ப்பதினும் உயிர் விடுதலே மேல் எனக் கருதினர். குழந்தை குறுக்கே கிடந்தாலும், உதிரம் நில்லாது பெருகினாலும், பேறுகாலச் சுரம் கண்டாலும், கைராசி ஒன்றையே நம்பிய மருத்துவச்சியே துணை. அக்குறை தீர்க்கவே 1885-இல் டப்ரின் சீமாட்டியார் பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. அதன் வழியாக 1914-இல் பெண்கள் மருத்துவப் பணி என்னும் அமைப்பு தோன்றியது.

இதற்கெனத் தனி அமைப்பு ஏன் என்று வாசகர்கள் வினவலாம். அக்காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் பெரும்பாலும் ஆண்டவர்கள் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த அதிகாரிகளே. அது படையைச் சார்ந்த பணி. மேஜர், கர்னல் என்னும் பட்டங்கள் அவர்களுக்குண்டு. 1897-இல் நம் பேகம்பேட்டையில் கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் அவர்களும் அப்பணியினரே. அதன் கதவு பெண்களுக்கு அடைத்திருந்தது. ஆதலின் அவர்களுக்கு வேறொரு வாயில் திறக்க வேண்டியதாயிற்று.

அவ்வாயில் வழியே 1917-இல் நுழைந்தார் நம் அம்மையார். முந்திய ஆண்டிலே திறக்கப்பெற்ற டில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் முதற்பணி கிடைத்தது. அதன்பின் மாற்றத்தின்மேல் மாற்றம். முப்பது ஆண்டுக் காலம் நாட்டின் பல பகுதிகளில் பணி புரிந்தார். மாற்றல் உத்தரவின் அருமையை ரயில்வேக் குடும்பத்தாராகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அம்மையார் சென்ற ஊர்களிலெல்லாம் இரண்டு காரியங்களை விடாது செய்தார். ஒன்று, அவ்வூர் மக்களின் மொழியைக் கற்றது. மற்றொன்று, தாதியர்க்கும் மருத்துவச்சியர்க்கும் பயிற்சி அளித்தது. தம் இரு கைகளால் எத்தனை பிள்ளைப்பேறு பார்த்துவிட முடியும்? தாம் அவ்வூரைவிட்டு நீங்கிய பின்னரும் அங்கே தேர்ந்த கைகள் இருத்தல் வேண்டும் என்பதே அன்னாரின் கருத்து.

1940-இல் லேடி ஹார்டிஞ்சு கல்லூரியின் முதல்வராகவும், 1943-இல் பெண்கள் மருத்துவப் பணியின் தலைமை அதிகாரியாகவும் உயர்ந்தார். அஃது உலகப் போர்க் காலம். முன்னர்ப் பெண்களுக்கு அடைத்திருந்த கதவும் திறந்தது. லெப்டினண்ட் கர்னல் என்னும் பட்டம் அம்மையாரை வந்தடைந்தது. வாளேந்திப் பெற்ற பட்டமன்று அது. தாயையும் சேயையும் காத்த கைகளுக்குக் கிட்டிய பட்டம்.

1947-இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றார். ஆயினும் ஓய்வு அவரை நாடவில்லை. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-இல் ஒரே படுக்கையுடன் தொடங்கி வளர்த்த வேலூர் நிலையத்திற்கு 1948-இல் இயக்குநரானார். பெண்களுக்கென ஏற்பட்ட அக்கல்லூரி, ஆடவரையும் சேர்க்கத் தொடங்கியிருந்த சமயம் அது. தொழுநோயால் முடங்கிய விரல்களை அறுவை வைத்தியத்தால் நிமிர்த்தும் அரிய பணி 1948-இல் அங்கே தொடங்கியது. மறு ஆண்டில் நரம்பியல் துறையும் தோன்றியது. 1954 வரை அன்னார் அப்பொறுப்பில் இருந்தார். அரசாங்கம் 1961-இல் பத்மஸ்ரீ விருதளித்துப் போற்றியது. 1978-இல் அம்மையார் மறைந்தார்.

தெலுங்கு நாட்டிலே பிறந்த ஒருவர் தமிழ் நாட்டிற்கு வந்து பெருந்தொண்டு ஆற்றினார். தமிழ் நாட்டிலே பிறந்த நாம் தெலுங்கு நாட்டில் வாழ்கிறோம். அவர் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? நம் காலனிக்குப் புதிதாக மணமாகி வரும் பெண்கள் பலர் தெலுங்கும் உருதும் அறியார். முதற் பேற்றுக்குத் தாய்வீடு செல்ல இயலாதார் இங்குள்ள ஆஸ்பத்திரியிலேயே சேர்கின்றனர். எங்கே வலிக்கிறது, எப்போது நீர் உடைந்தது என்று நர்ஸம்மாவிடம் சொல்லத் தெரியாமல் தவிப்பது சிறு துன்பமன்று. சில வேளைகளில் உயிருக்கே ஊறாகும்.

மொழியறிந்த மூத்த தாய்மார் சிலர் முன்வந்து, இத்தகைய பெண்களுடன் முறைவைத்து ஆஸ்பத்திரிக்குச் சென்று துணையிருந்தால் என்ன? புதிதாய் வந்த பெண்களுக்கு வாரம் இருமுறை மாலையில் தெலுங்கு கற்பித்தால் என்ன? இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும். வருமாண்டு நம் சங்கம் இதனை மேற்கொள்ளுமாயின், கர்னல் லாசரஸ் அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கம் அதுவே ஆகும்.