இளவரசன் தப்பினான், ஏழை மாண்டான்!

ரோமாபுரியிலே, 1720-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், ஒரு குழந்தை பிறந்தது. ஆள்வதற்கு ஒரு முழம் நிலமில்லை. ஆயினும் இளவரசே என்று அழைத்தனர், சுற்றி நின்றோர். சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட் என்பது பெயர். அழகன் சார்லி என்று பின்னாளில் பாட்டுக்கட்டிப் பாடினார்களே, அவன்தான்.

இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஆண்ட குடும்பம், ரோமாபுரியில் தங்குவானேன்? பாட்டன் இரண்டாம் ஜேம்ஸ், ஆட்சியை ஆண்டவனே தனக்கு அளித்தான் என்று நம்பியவன். பார்லிமெண்டைத் துச்சமென எண்ணியவன். கத்தோலிக்க மன்னன் என்ற அச்சமும் சேர்ந்தது. 1688-ல் நாட்டைவிட்டு ஓடினான். 1714-ல் ஜெர்மனியின் ஹானோவர் குடும்பம் அரியணை ஏறிற்று. 1715-ல் சார்லசின் தந்தைக்காக ஒரு கிளர்ச்சி நடந்தது. அவரும் ஸ்காட்லாந்து வந்தார், சில வாரங்களில் கப்பலேறித் திரும்பினார். தோற்றவர் திரும்பலாம், அவரை நம்பியவர் எங்கே திரும்புவது?

மகன் அதைக் கேட்டானில்லை. 1745-ஆம் ஆண்டு ஜூலையில், விரல்விட்டு எண்ணத்தக்க தோழர்களோடு, ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவில் இறங்கினான். ஆயுதமும் ஆளும் ஏற்றிவந்த இன்னொரு கப்பல், வழியிலேயே ஆங்கிலப் போர்க்கப்பலிடம் அடிபட்டுத் திரும்பிவிட்டது. பிரெஞ்சுப் படை வரவில்லை. திரும்பிப் போய்விடு என்றுதான் மலைநாட்டுப் பெரியவர்கள் சிலர் கூறினர். கேமரன் குலத்தலைவன் லோகீலும் முதலில் தயங்கினான், பிறகு இசைந்தான். ஆகஸ்ட் 19-ல் கிளென்ஃபின்னனில் கொடி ஏறிற்று.

தோழர்களே, அந்தக் கொடியின்கீழ் நின்றவர் யார் என்று பார்ப்போம். விசுவாசத்தால் வந்தவர் உண்டு. 1707-ல் ஸ்காட்லாந்தின் பார்லிமெண்டை இங்கிலாந்தோடு இணைத்துவிட்டார்களே என்ற கொதிப்பால் வந்தவரும் உண்டு. ஆனால், குலத்தலைவனின் நிலத்தில் உழுது பிழைத்தவன், தலைவன் அழைத்தால் வாளேந்தியாக வேண்டும்; மறுத்தால் குடிசைக்குத் தீ! அப்படி மிரட்டி இழுத்துவரப்பட்டவரும் அந்த அணியிலே நின்றனர்.

வெற்றி வந்தது, விரைவாகவே. எடின்பரோ வீழ்ந்தது. பிரஸ்டன்பான்ஸ் களத்தில் அரசுப்படை அரைமணி நேரங்கூட நிற்கவில்லை. இங்கிலாந்துக்குள் புகுந்து, டிசம்பர் தொடக்கத்தில் டெர்பி நகரை அடைந்தனர். லண்டன் ஏறக்குறைய 125 மைல்! அங்கேதான் தளபதி ஜார்ஜ் மர்ரேயும் தலைவர்களும் கேட்டனர்: இங்கிலாந்தில் நமக்காக எழுவர் என்றாயே, எங்கே அவர்கள்? கடிதம் உண்டா? இல்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது இளவரசனுக்கு. ஐயாயிரம் பேரை அத்தனை தூரம் அழைத்து வந்தது, வெறும் நம்பிக்கை! படை வடக்கே திரும்பியது.

1746 ஏப்ரல் 16, கல்லோடன் வெளி. முன்னாள் பகலில் ஆளுக்கொரு பிஸ்கோத்துதான் உணவு. இரவெல்லாம் நடந்து எதிரியின் பாசறையைத் தாக்கப் போய், விடிந்துவிட்டதால் வீணே திரும்பினர். இந்தத் திறந்தவெளி நமக்கு ஆகாது என்று மர்ரே எச்சரித்தும் இளவரசன் கேட்கவில்லை. பசித்த வயிறும் உறங்காத விழியுமாக, பீரங்கிக்கு முன்னே நின்றனர் வாளேந்திய ஏழைகள். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தோர் 1,500-க்கு மேல். அரசுப்படையில் மாண்டோர் ஏறக்குறைய 50. வீழ்ந்துகிடந்தவரையும் குத்திக் கொன்றனர். எதிர்ப்படைத் தளபதி கம்பர்லாந்து கோமகனுக்குக் கசாப்புக்காரன் என்ற பெயர் நிலைத்தது.

எஞ்சியவர் ரூத்வெனில் கூடி, மீண்டும் போரிடக் காத்து நின்றனர். இளவரசனிடமிருந்து வந்த செய்தியோ, அவரவர் உயிரை அவரவரே காத்துக்கொள்ளுங்கள் என்பது!

அவன் உயிரைக் காத்தவர் யார்? அந்த ஏழைகளே! தலைக்கு விலை 30,000 பவுன். ஐந்து மாதம் குகையிலும் குடிசையிலும் ஒளிந்திருந்தான். பவுன்களைப் பார்த்தறியாத மக்கள், ஒருவர்கூடக் காட்டிக்கொடுத்துப் பரிசு பெறவில்லை. ஃபிளோரா மக்டொனால்டு என்ற பெண், பணிப்பெண் வேடமிட்டு அவனைப் படகேற்றி ஸ்கை தீவுக்கு அழைத்துச் சென்றாள்; அதற்காகச் சிறையும் சென்றாள். செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல் வந்தது, இளவரசன் போய்விட்டான்.

பின்தங்கியவர் கதி? நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மரணதண்டனை. 900-க்கு மேற்பட்டோர் கடல்கடந்த குடியேற்றங்களுக்கு ஏற்றுமதி. மலைநாட்டு ஆடை அணிந்தால் ஆறு மாதச் சிறை. மறுமுறை அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை இருந்தது அந்தச் சட்டம்.

சார்லசோ, 1748-ல் பாரிசில் கைதாகி, பிரான்சிலிருந்து விரட்டப்பட்டான். 1750-ல் இரகசியமாக லண்டன் சென்று, முடி கிடைக்குமென்று மதத்தையும் மாற்றிப் பார்த்தான். கிடைக்கவில்லை. 1766-ல் தந்தை மறைந்தபோது, போப்பரசரும் அவனை மன்னனென ஏற்கவில்லை. மதுவில் மூழ்கினான், 1780-ல் மனைவியும் பிரிந்தாள். மகள் சார்லட் கடைசி ஆண்டுகளில் உடனிருந்து கவனித்தாள். 1788 ஜனவரியில், பிறந்த ரோமாபுரியிலேயே மாண்டான். ஸ்காட்லாந்து மண்ணை அவன் மறுபடி மிதிக்கவே இல்லை.

அவன் வீரத்தை நாம் மறுக்கவில்லை. தனிமையிலே தேய்ந்த முதுமைக்கு இரக்கமும் கொள்கிறோம். ஆனால் கணக்கையும் பார்த்தாக வேண்டுமல்லவா? அவன் தம்பி ஹென்றி, கர்தினால். வறுமை வந்தபோது அவருக்கு ஆண்டுப்பணம் அளித்தவர் யார்? ஹானோவர் குடும்பத்து மூன்றாம் ஜார்ஜ்! ரோமாபுரியின் தூய பேதுரு பேராலயத்தில், ஸ்டூவர்ட் குடும்பத்துக்குச் சிற்பி கனோவா 1819-ல் செய்த சலவைக்கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதற்கும் பணம் உதவினார், அதே ஹானோவர் குடும்பத்து நான்காம் ஜார்ஜ். அரண்மனைகள் சமரசமாகிவிட்டன!

கல்லோடனிலும் கற்கள் உண்டு, 1881-ல் நாட்டியவை. குலத்தின் பெயர் பொறித்த கற்கள். அடியில் கிடக்கும் உழவனின் பெயர் அவற்றில் இல்லை. முப்பதாயிரம் பவுனைத் துச்சமென உதறியவன் அவன். நாம் தலை வணங்குவது அவனுக்கே!