முழு மாட்டைக் கண்ட மனிதர்

வழக்கமாக இந்த மலரிலை எங்கடை பெரியார்களின் வாழ்க்கை வரலாறுதான் வரும். இந்த முறை வேறொரு இனத்து மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவரும் எங்களைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர். பெயர் மக்ஸ் வேர்ட்ஹைமர். 1880 ஏப்ரல் 15 இல், அந்த நேரம் ஒஸ்திரிய ஆட்சியில் இருந்த பிராக் நகரத்தில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சித்திரையிலை பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்குக் கூடாது எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுவினம். பிராக்கிலை அப்படி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டினம்.

நான் ஏ.எல். வரைதான் படிச்சனான். உளவியல் எங்களுக்கு ஒரு பாடமாக இருக்கேல்லை. ஆனாலும் இந்தாள் கேட்ட கேள்வி எனக்கு விளங்குது. ஊரிலை ஒரு மாடு பனைக்குப் பின்னாலை நிக்குது எண்டு வையுங்கோ. இந்தப் பக்கம் தலையும் முன்காலும், அந்தப் பக்கம் பின்காலும் வாலும். கண்ணுக்குள்ளை விழுறது இரண்டு துண்டு மாடு. ஆனால் ஒருத்தரும் துண்டைக் காணுறதில்லை, முழு மாட்டைத்தான் காணுறம். யோசிச்சுப் பார்த்துச் சேர்க்கிறதுமில்லை. பார்த்த உடனேயே முழுசாக நிக்குது. மறைஞ்ச பாதியை ஆர் கொண்டுவந்து வைச்சது?

வேர்ட்ஹைமர் முதலில் படிச்சது சட்டம். அதை விட்டு மெய்யியலுக்கும் உளவியலுக்கும் மாறி, 1904 இல் வூர்ட்ஸ்பேர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்துப் பெரிய அறிஞர்கள், கண் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பார்க்கிறது, மூளை பிறகு அதுகளை ஒட்டுகிறது எண்டு நினைத்தார்கள். சுவரைக் கல்லுக் கல்லாய்க் கட்டுகிற மாதிரி.

1910 இல் அவர் வியன்னாவிலிருந்து ரயிலில் விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியிலை ஒரு யோசனை வர, பிராங்பேர்ட்டில் இறங்கி, படங்கள் அசைவது போலக் காட்டும் ஒரு விளையாட்டுச் சாமானை வாங்கி, ஹோட்டல் அறையிலேயே பரிசோதிக்கத் தொடங்கினார். உளவியல் புத்தகங்களிலை திரும்பத் திரும்ப வாற கதை இது. நாங்கள் ரயில் மாறுகிற அதே பிராங்பேர்ட்தான்! பிறகு அங்கத்தை ஆய்வுகூடத்தில் வொல்ப்காங் கோலர், கேர்ட் கொவ்கா எண்ட இரண்டு இளம் ஆய்வாளர்களை வைத்துப் பார்த்தார். இரண்டு கோடுகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் காட்டினார். இடைவெளி கிட்டத்தட்ட 60 மில்லிசெக்கன் எண்டால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே ஓடுவதாகத் தெரிந்தது. ஓடினது ஒண்டுமே இல்லை. இடையிலை இல்லாத ஓட்டத்தைக் கண் காணுது! 1912 இல் இது வெளிவந்தது.

1923 இல் எழுதிய கட்டுரையிலைதான் மாட்டுக்கு விடை இருக்கிறது எண்டு எனக்குப் படுகிறது. கிட்ட இருக்கிறது சேரும், ஒரே மாதிரி இருக்கிறது சேரும், ஒன்றாய் அசைகிறது சேரும், ஒரு கோடு போன போக்கிலேயே தொடரும் எண்டு அதிலை காட்டினார். மாட்டின் முதுகுக்கோடு பனையின் ஒரு பக்கம் மறைஞ்சு, மற்றப் பக்கம் அதே போக்கிலை வெளிக்கிடுது. அதனால் ஒரே மாடு. நான் வேலை செய்யிற இடத்திலை பெட்டிகள் பெல்ட்டிலை வந்து மெஷின் மூடிக்குள்ளாலை போய் மற்றப் பக்கம் வரும். உள்ளுக்கை ஆரும் பெட்டியை மாத்தினாலும், அதே பெட்டி ஓடி வந்ததாய்த்தான் தெரியும். பெல்ஜியத்தில் மிஷோத் எண்ட பேராசிரியர் பின்னாளில் இதைத் தனியாகவே ஆராய்ந்தார்.

இதிலை ஒரு வில்லங்கமும் இருக்கு. கண் நிரப்புவது உண்மையை அல்ல, லேசானதை. இரண்டு மாடு வரிசையாய் நிண்டு, ஒண்டின்ரை பின்பக்கமும் மற்றதின்ரை முன்பக்கமும் பனைகளாலை மறைஞ்சால், ஒரு நீளமான மாடு தெரியும். அப்படி ஒரு மாடு உலகத்திலை இல்லை எண்டு தெரிஞ்சாலும் தெரியும். இத்தாலியின் கனிட்சா இப்படியான படங்களை வரைந்தே காட்டினார். அகதி விசாரணையிலை நான் சொல்லாமல் விட்ட மாதங்களை ஒரு அதிகாரி தானே நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவருக்கும் என்ரை கதை இப்படித்தான் ஒரு நீள மாடாய்த் தெரிஞ்சிருக்கும்.

வேர்ட்ஹைமர் பேர்லினில் கன வருடம் படிப்பித்தார். ஐன்ஸ்ரைன் அவருடைய நண்பர். ஐன்ஸ்ரைனுக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது எண்டு மணித்தியாலக் கணக்காய்க் கேட்டிருந்தவர். 1929 இல் பிராங்பேர்ட்டில் பேராசிரியரானார். நாலு வருடம்தான். 1933 இல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். வானொலியில் அவன் பேச்சைக் கேட்ட வேர்ட்ஹைமர், பொறுத்துப் பார்ப்பம் எண்டு இருக்கவில்லை. மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனார். அந்த ஏப்ரலில் யூதர்களை அரச வேலையால் நிப்பாட்டும் சட்டம் வந்தது. வெளியேற வேண்டி வந்த அறிஞர்களுக்காக நியூயோர்க்கில் ஒரு கல்லூரி திறந்தார்கள். செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தார்.

53 வயதிலை ஆங்கிலத்தில் பாடம் எடுக்க வேண்டி வந்தது. பத்து வருடம் எடுத்தார். பிள்ளைகள் கணக்கைப் பாடமாக்காமல் விளங்கிச் செய்வது எப்படி எண்டு ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அது அச்சில் வந்தது 1945 இல். அவர் 1943 ஒக்ரோபர் 12 இல் காலமாகிவிட்டார்.

1983 இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் நாலு மாதக் குழந்தைகளுக்கு ஒரு தடியைக் காட்டினார்கள். நடுப்பகுதி மறைவில். இரண்டு நுனியும் ஒன்றாய் அசைந்தபோது, குழந்தைகளும் அதை ஒரே தடியாகவே எடுத்தன. ஒன்றாய் அசைகிறது சேரும் எண்டு அறுபது வருடத்துக்கு முந்தி அவர் எழுதினதுதான்.

ஆறு வயதிலை அமெரிக்கா வந்த மகன் மைக்கேல் பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரானார். தகப்பனின் வாழ்க்கையை, இன்னொருவரோடு சேர்ந்து, 2005 இல் புத்தகமாக்கினதும் அவர்தான்.