நீதியரசர் கே. எஸ். ஹெக்டே

ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்து அன்பர்கள் நம்மைப் பணித்தனர். வழக்கம்போல் தமிழ்ப் பெரியார் ஒருவரையே எதிர்பார்த்திருப்பர். நாம் எடுத்துக்கொண்டவரோ துளு நாட்டிற் பிறந்தவர். எனினும் சென்னையிற் சட்டம் பயின்றவர். சென்னை மாநிலத்தின் சார்பிலேயே முதன்முதலாக டில்லி சென்றவர். நம் முன்னோர் பிழைக்க வந்த இம்மாநிலத்தின் உயர்நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகள் நீதி வழங்கியவர். இவ்வுறவு போதுமென்று கருதுகின்றோம்.

சதானந்த ஹெக்டே 1909 ஜூன் 11-ஆம் நாள் தென்கன்னட மாவட்டத்துக் கார்களா வட்டத்தில் கவுடூர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மங்களூர் அலோசியஸ் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1947 முதல் 1951 வரை அரசு வழக்கறிஞராய் இருந்தார். 1952-இல் காங்கிரஸ் கட்சியின் சார்பில் மாநிலங்களவை உறுப்பினரானார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கு 1954-இல் சென்ற இந்தியக் குழுவிலும் இடம்பெற்றார்.

இரயில்வேயில் எழுத்தராய்க் காலந்தள்ளும் நமக்கு, இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாது நகர மனமில்லை. ஆசாரிய கிருபளானியின் தலைமையில் இரயில்வே ஊழல் விசாரணைக் குழு ஒன்று அந்நாளில் அமைந்ததன்றோ? அதில் ஹெக்டேயும் ஓர் உறுப்பினர். நம் துறையின் அழுக்கை நன்கறிந்தவர் என்று எண்ணும்பொழுது சற்றே நாணம் மேலிடுகின்றது.

1957 ஆகஸ்டில் அவர் மாநிலங்களவைப் பதவியைத் துறந்து மைசூர் உயர்நீதிமன்ற நீதிபதியானார். நேற்றுவரை கட்சிக்காரர், இன்று நடுவுநிலையாளரா என்னும் ஐயம் எவருக்கும் எழக்கூடியதே. அதற்கு விடை கிடைக்கப் பல்லாண்டுகள் சென்றன. 1966-இல் டில்லி உயர்நீதிமன்றம் தோன்றியபொழுது அதன் முதல் தலைமை நீதிபதி அவரே. மறு ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

அங்கேதான் சோதனை வந்தது. அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டம் 1970 பிப்ரவரியில் செல்லாதெனப்பட்டது. முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழித்த ஆணை அவ்வாண்டு டிசம்பரில் வீழ்ந்தது. இரண்டிலும் ஹெக்டே, தம் பழைய கட்சியின் அரசுக்கு எதிரான பெரும்பான்மையினருடன் நின்றார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்த நம் தந்தையார் இத்தீர்ப்புகளைக் கடைசிவரை ஒப்பவில்லை. ஏழைக்கு வங்கிக் கதவு திறக்கும் வேளையில் தடுப்பதா, மன்னருக்கு இன்னமும் மானியமா என்று கேட்பார். அவர் கேள்வி நியாயமற்றதென்று நாமும் சொல்லோம். ஆனால், தம்மை வளர்த்த கட்சியின் முகத்தைப் பாராமல், தாம் கண்ட சட்டத்தைச் சொன்ன துணிவை நாம் மறுக்கவியலாது.

1972-இல் மற்றொரு வழக்கு வந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை எதிர்த்து ராஜ்நாராயண் தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்றம் நீக்கியிருந்த முக்கியமான குற்றச்சாட்டை மீண்டும் சேர்த்து விசாரிக்கும்படி ஹெக்டே அங்கம் வகித்த அமர்வு பணித்தது. அவ்வழக்கு 1975 ஜூனில் எங்கே கொண்டுவிட்டது என்பதை நாடறியும்.

கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் 68 நாட்கள் வாதங் கேட்டனர். 1973 ஏப்ரல் 24-இல், எழுவர்க்கு அறுவர் என்ற கணக்கில், அரசியலமைப்பின் எப்பகுதியையும் பாராளுமன்றம் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் அழித்தலாகாது என்று முடிவாயிற்று. முகர்ஜியுடன் கூட்டாகத் தீர்ப்பெழுதிய ஹெக்டே அவ்வெழுவருள் ஒருவர். மறுநாளே இடி விழுந்தது. மூப்பு வரிசையில் முன்னின்ற ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் ஒதுக்கிவிட்டு, நான்காமவரான ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். முறைப்படி நடந்திருந்தால், ஜூலையில் ஷெலட் ஓய்வுபெற்ற பின் ஹெக்டே பதினொரு மாதம் அவ்வாசனத்தில் இருந்திருப்பார்.

அரசின் செய்கையை மக்களவையில் நிலைநாட்டிப் பேசியவர் டாக்டர் சுப்பராயனின் மைந்தர் மோகன் குமாரமங்கலம். அந்நாளில் உருக்கு, சுரங்க அமைச்சர். நம் தங்கவயற் சுரங்கங்களும் அவர் பொறுப்பிலேயே இருந்தன. நீதிபதியின் சமுதாய நோக்கையும் அரசு கருதவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அறிவாளியின் வாதந்தான், எனினும், அரசுக்கு உகந்த நோக்குடையவரே நீதிபதியாகலாம் என்றால், அரசின்மீது வழக்குத் தொடுக்கும் தொழிலாளி எங்கே செல்வான்? மூவரும் பதவி துறந்தனர். ஹெக்டே விலகிய நாள் ஏப்ரல் 30.

நெருக்கடி நிலைக்குப் பின் 1977-இல் அவர் பெங்களூர் தெற்குத் தொகுதியில் ஜனதா கட்சி வேட்பாளராய் நின்று, முன்னாள் முதலமைச்சர் அனுமந்தய்யாவை வென்றார். கர்நாடகத்தின் 28 தொகுதிகளுள் 26-ஐக் காங்கிரஸ் கைப்பற்றிய தேர்தல் அது! நீதிபதியாயிருந்தவர் மீண்டும் வாக்குக் கேட்டுச் செல்வது நமக்கு முற்றிலும் உவப்பன்று. அவர் பழைய தீர்ப்புகளையும் சிலர் ஐயுறுவதற்கு அதுவே இடந்தந்தது. ஆயினும் அவ்வாண்டு ஜூலையில், சஞ்சீவ ரெட்டிக்குப் பின் மக்களவைத் தலைவராகி, 1980 ஜனவரி வரை அப்பொறுப்பை வகித்தார்.

1990 மே 24-இல் அவர் மறைந்தார். அவர் மைந்தர் சந்தோஷ் ஹெக்டே 1999 முதல் 2005 வரை அதே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்தார். பின்னர் கர்நாடக லோகாயுக்தா ஆகி, பெல்லாரி இரும்புத்தாதுச் சுரங்க முறைகேடுகளைப் பற்றி 2011-இல் அறிக்கை தந்தார். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டு, பிழைப்புக்கு அன்றாடம் பெங்களூர் வண்டியேறும் நம்மவர் பலர் அச்செய்தியைப் பயணத்தினிடையே படித்திருப்பர். அவர் இன்னாரின் மைந்தர் என்பதை எத்தனைபேர் அறிந்திருந்தனரோ!