டாக்டர் ஹோமி பாபா

பம்பாயில் 1909-ஆம் ஆண்டு பார்ஸிக் குடும்பத்தில் தோன்றிய ஹோமி ஜஹாங்கீர் பாபா, கேம்பிரிட்ஜில் பயின்று ஆராய்ச்சி புரிந்தார். வானினின்று பொழியும் காஸ்மிக் கதிர்களில் அந்நாளில் மேசான் எனப்பெற்ற துகள்கள் உண்டு. நொடியைப் பத்து லட்சம் கூறாக்கின், ஏறத்தாழ இரண்டு கூறளவே வாழ்ந்து சிதைவன அவை. விரைந்து செல்லுங்கால் அவ்வாயுள் நீளும். அதனை அளந்து ஐன்ஸ்டைன் கொள்கையைச் சோதிக்கலாம் என 1938-இல் எடுத்துரைத்தார்.

1939-இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தார்; போர் மூண்டமையால் திரும்ப இயலவில்லை. நம் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், தமிழர் சர் சி. வி. ராமனின் பௌதிகப் பகுதியில் ரீடராய் அமர்ந்தார். விமானத்தில் கருவிகளை ஏற்றி, உயர்வானில் அத்துகள்களை எண்ணினார். போர் முடிந்தும் அயல்நாட்டை நாடாது, 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை இவ்வூரிலேயே தொடங்கினார். அவ்வாண்டிலேயே அது பம்பாய்க்கு மாறியது. 1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார்.

சூழ்நிலை கொணர்ந்து சேர்த்த ஊரையே தொண்டுக்குரிய களமாக்கிய அப்பெருமகனை நம் சிறார் அறிவாராக!