உழவர் முதல்வர் ஓமந்தூரார்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895ஆம் ஆண்டு, உழவர் குடும்பத்தில் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். மக்கள் அவரை ஊர்ப் பெயரால் ஓமந்தூரார் என்றே அழைத்தனர். அவர் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். வள்ளலாரின் நெறியைப் போற்றினார்.

1947ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். நாடு விடுதலை பெற்றபோது அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோர் பல கோயில்களுக்குள் நுழைய இயலாது. அத்தடையை நீக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது. உழவரை வருத்திய ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல் உருவாயிற்று.

கட்சிக்குள் எதிர்ப்பு எழுந்தது. 1949ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் பதவியைத் துறந்தார். பின்னர் அவர் நாடிய ஊர் வடலூர். பசித்தோர்க்கு உணவளிக்க வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கிய ஊர் அது. அங்கே ஓமந்தூரார் ஆதரவற்ற குழந்தைகளைப் பேணினார், உழவையும் கைவிடவில்லை. அக்குழந்தைகளே அவர் குடும்பமாயினர்.

1970ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் முதல்வராக இருந்தது இரண்டு ஆண்டுகளே. உழவராகவும் அடியவராகவும் வாழ்ந்தது வாழ்நாள் முழுவதும். சென்னையில் ஓமந்தூரார் வளாகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிந்தித்து எழுதுக: பதவியை விட்டபின் ஓமந்தூரார் வடலூரை நாடியது ஏன்?