அரிராங் தந்த நடிகர்

நம் விடுதியில் இரவு பதினொரு மணிக்குமேல் எந்த அறைக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து கொரிய மொழி கேட்கிறது. அந்நாட்டுத் தொடர்நாடகங்களின் நாயகர், நாயகியர் பெயரெல்லாம் நம் நண்பர்களுக்கு மனப்பாடம். தேர்வுப் பாடங்களும் அப்படியே மனப்பாடமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் அக்கேள்வி என்மீதே திரும்பும். ஆனால் ஓரிரவு எனக்குள் வேறொரு கேள்வி எழுந்தது. இந்த நடிகர் கூட்டத்துக்கெல்லாம் முன்னோர் யார்? கொட்டகையில் அமர்ந்த கொரிய மக்கள் முதன்முதலாகத் தங்கள் துயரத்தையே திரையில் கண்டு கண்ணீர் விட்டது யாருடைய முகத்தைப் பார்த்து? விடை தேடிப் புறப்பட்டவன் நா ஊன்-கியூ என்பவரிடம் வந்து சேர்ந்தேன்.

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். அவர் நடித்த படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்க்க இயலாது. ஒன்றும் இன்று எஞ்சி நிற்கவில்லை. படத்தைப் பார்க்காமல் நடிகரின் வரலாற்றை எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். படம் அழிந்த பின்னும் நடிகர் வாழ்கிறார் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

கொரிய நாட்டின் வடகோடியில், தூமன் ஆற்றின் கரையில், ஹோயர்யோங் என்றோர் ஊர் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் சீனம். அவ்வூரில் 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நா ஊன்-கியூ பிறந்தார். அவருடைய எட்டாவது வயது நிறையுமுன்னே, 1910-இல், நாடு ஜப்பானியரின் ஆட்சிக்குள் போயிற்று. ஆட்சி வந்த கையோடு இருப்புப் பாதையும் வந்தது. சோங்ஜின் துறைமுகத்திலிருந்து ஹோயர்யோங் வரை பாதை போடத் தெற்கிலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். வேலை செய்துகொண்டே அவர்கள் பாடிய ஒரு பாட்டு, வேடிக்கை பார்க்க வந்த சிறுவனின் காதில் விழுந்தது. அரிராங் என்னும் மலைமேட்டைக் கடந்து பிரிந்து போகிறவரைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டு அது. ஊர்தோறும் மெட்டு வேறு, சொல்லும் வேறு. அந்தச் சிறுவன் அதை மறக்கவில்லை. பின்னாளில் புகழ் பெற்றபோது இந்த நினைவை அவரே எடுத்துச் சொன்னார்.

படிப்பதற்கு அவர் ஆற்றைக் கடந்து மஞ்சூரியாவுக்குப் போனார். நாட்டை விட்டு வெளியேறிய கொரியர் அங்கே பள்ளிகள் நடத்தி வந்தார்கள். 1919 மார்ச் முதல் நாள் சியோல் நகரில் விடுதலை முழக்கம் எழுந்து நாடெங்கும் பரவியது. அடுத்த மாதந்தான் நம் நாட்டில் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அந்த இளவேனில் ஆசியா முழுவதற்கும் குருதி தோய்ந்த இளவேனில். பதினாறு வயது மாணவர் நா, தம் ஊரில் அக்கிளர்ச்சியில் கலந்துகொண்டார். போலீஸார் தேடவே மீண்டும் ஆற்றைக் கடந்தார். மஞ்சூரியாவிலும் ரஷ்யப் பகுதியிலும் அலைந்தார். விடுதலைப் படையினரோடு பழகினார். பிறகு சியோலுக்கு வந்து படிப்பைத் தொடர முயன்றபோது பிடிபட்டார். சோங்ஜின்–ஹோயர்யோங் இருப்புப் பாதையின் சுரங்க வழியைத் தகர்க்கத் திட்டமிட்ட கூட்டத்தோடு தொடர்புடையவர் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறைவாசம். எந்தப் பாதை அவருக்குப் பாட்டைத் தந்ததோ, அதே பாதை சிறையையும் தந்தது. சுன்சா என்ற புனைபெயரும் சிறையில் கிடைத்ததே.

1923-இல் விடுதலையானார். அடுத்த ஆண்டு அவ்வழியே வந்த நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தார். பிறகு தென்கோடியிலுள்ள பூசான் நகருக்குப் போய், அங்கே புதிதாகத் தோன்றியிருந்த படக்கம்பெனியின் வாசலில் நின்றார். குள்ளமான உருவம், அழகன் என்று சொல்லத் தகாத முகம். இத்தகையவருக்கு எந்தக் கம்பெனி நாயகன் வேடம் கொடுக்கும்? 1925-இல் அவர் ஏற்ற முதல் வேடம் பல்லக்குத் தூக்கியின் வேடம். திரையில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் அதே ஆண்டில் சிம் சோங் கதையைப் படமாக்கியபோது குருட்டுத் தந்தையின் வேடம் அவரை வந்தடைந்தது. தந்தையின் கண் தெரியவேண்டும் என்று தன்னையே கடலுக்குப் பலியாக விற்றுக்கொண்ட மகளின் கதை அது. கொரியக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. இருபத்து மூன்று வயது கூட நிரம்பாத இளைஞர் கிழவராக நடித்தார். பார்த்தவர்கள், இவர் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

விடை 1926-இல் வந்தது. அரிராங் என்ற படத்தின் கதையை அவரே எழுதினார். தலைமை வேடத்தில் அவரே நடித்தார். இயக்கியவரும் அவரே என்பது பொதுவான கருத்து. ஆனால் ஏடுகளில் இயக்குநராக ஒரு ஜப்பானியர் பெயர் இருந்தமையால், அறிஞர்களிடையே இது குறித்து வழக்கு உண்டு. தணிக்கையாளரின் கண்ணுக்குத் தப்பவே அப்பெயர் இடப்பட்டது என்பார் பலர். கம்பெனி முதலாளியும் ஜப்பானியரே.

கதை எளியது. யோங்-ஜின் என்ற மாணவன் சித்தம் கலங்கித் தன் சிற்றூரில் திரிகிறான். அவனுக்கு யோங்-ஹி என்றொரு தங்கை. ஊர்ப் பெருநிலக்கிழாரின் ஏவலாளும் ஜப்பானியர் ஆட்சிக்குக் கையாளுமான ஓ கி-ஹோ, அவளைப் பலவந்தம் செய்ய வருகிறான். பித்தனின் கண்முன் பாலைவனம் ஒன்று தோன்றுகிறது. தாகத்தால் தவிப்போரைக் கொடியவன் வருத்தும் காட்சியை அங்கே காண்கிறான். அரிவாளை ஓங்குகிறான், கொடியவன் சாய்கிறான். சிந்திய குருதியைக் கண்டதும் பித்தனுக்குச் சித்தம் தெளிகிறது. தெளிந்த கைகளில் விலங்கு விழுகிறது. போலீஸார் அவனை அரிராங் மேட்டின் வழியே அழைத்துச் செல்ல, ஊரார் அழுதபடி அப்பாட்டைப் பாடுகிறார்கள்.

நாயகனை ஏன் பித்தனாக்கினார்? நெடுநேரம் இதைப் பற்றி யோசித்தேன். அறிவுள்ளவன் கொரியாவில் அன்று ஆளுவோரின் கையாளை எதிர்த்து அரிவாள் எடுத்தால் தணிக்கையாளரின் கத்தரி விழும். பித்தன் எடுத்தால் அது பித்துச் செயல். ஆனால் கொட்டகையில் இருந்தவர்களுக்குப் பித்தன் யார், தெளிந்தவன் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அது ஊமைப்படக் காலம். திரையின் அருகில் நின்று கதை சொல்ல ஒருவர் இருப்பார். பியோன்சா என்பது அவருக்குப் பெயர். நம் நாட்டு ஊமைப்படக் கொட்டகைகளிலும் இவ்வாறு கதை சொல்வோர் இருந்தார்கள். கொட்டகையில் போலீஸ்காரர் காவலுக்கு உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போது பியோன்சா ஒரு விதமாகச் சொல்லுவார். அவர் சற்று அயர்ந்தால் வேறு விதமாகச் சொல்லுவார். படச்சுருளை வெட்டலாம், வாயை எப்படி வெட்டுவது? கடைசிக் காட்சியில் பாட்டு எழும்போது மக்களும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு அச்சிட்ட விளம்பரத் தாள்களை அரசு பறித்துக்கொண்டது. பறித்த பின் பாட்டு இன்னும் வேகமாகப் பரவியது.

இருபத்து நான்கு வயதில் நா நாடறிந்தவரானார். 1927-இல் தம் பெயரிலேயே படக்கம்பெனி தொடங்கினார். கதை எழுதுவது, இயக்குவது, நடிப்பது எல்லாம் தாமே. 1928-இல் தூமன் ஆற்றைக் கடந்து போகும் கொரியரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். ஆற்றின் பெயர் தலைப்பில் இருத்தலாகாது என்று தணிக்கையாளர் தடுக்கவே, அன்பைத் தேடி என்று பெயர் மாற்றினார். 1929-இல் ஊமை வேலைக்காரன் சம்ர்யோங்கின் கதையைப் படமாக்கி, அவ்வேடத்தைத் தாமே ஏற்றார். ஆனால் புகழ் தங்கிய கையில் பணம் தங்கவில்லை. குடியும் ஊதாரித்தனமும் சேர்ந்தன. உடனிருந்தோர் மனம் கசந்து விலகினார்கள். 1929-இல் கம்பெனி கலைந்தது.

அடுத்து வருவதை எழுதும்போது என் பேனா நின்றது. 1931-இல் ஜப்பானியர் இயக்கிய படமொன்றில், பெண்களைக் கெடுக்கும் தீயவனாக அவர் நடித்தார். சுரங்க வழியைத் தகர்க்க எண்ணிச் சிறை சென்றவர், அரிராங் தந்தவர், கூலிக்காக அங்கே போய் நின்றார். ஏடுகள் அவரைக் கடிந்தன. நேற்றுவரை கொண்டாடியவர்கள் முகம் சுளித்தார்கள்.

இந்த ஓராண்டை விட்டுவிட்டு எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. பெரியோர் வரலாறு எழுதுவோர் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நம் மலர்களில் வரும் கட்டுரைகளும் விதிவிலக்கல்ல. ஆனால் அதை மறைத்தால் அடுத்த ஆண்டின் பெருமை நமக்கு விளங்காது. பசியும் கடனும் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லும் நாம் எளிதில் அறிய மாட்டோம். அவர் செய்தது சரியென்று நான் வாதாடவில்லை. விழுந்தவர் எழுந்தாரா என்பதைப் பார்ப்போம்.

எழுந்தார். 1932-இல் லீ கியூ-ஹ்வான் என்ற புதிய இளைஞர் தம் முதல் படத்துக்கு நாயகன் தேடி அவரிடம் வந்தார். பெரிய நடிகர், பெயர் தெரியாத இளைஞர் ஒருவரின் கீழ் நடிக்க இசைந்தார்; வேடத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டார். உரிமையாளன் இல்லாத படகு என்பது அப்படத்தின் பெயர். நிலமிழந்த உழவன் நகரத்துக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கிறான். மனைவியின் மருத்துவச் செலவுக்காகத் திருடிச் சிறை புகுகிறான். மீண்டு வந்து பார்த்தால் மனைவி அவனுக்குரியவளாக இல்லை. மகளோடு ஊர் திரும்பிப் படகோட்டியாகிறான். அந்த ஆற்றுக்கும் பாலம் வருகிறது. படகுக்கு வேலை போகிறது. பாலம் கட்ட வந்தவன் மகளிடம் தவறாக நடக்க முற்பட, தந்தை கோடரி எடுக்கிறான். அவனை வீழ்த்திய பின் இருப்புப் பாதைக்கே ஓடி, தண்டவாளத்தை வெட்டி வெட்டி, வரும் ரயிலின் அடியில் மடிகிறான். அந்தக் கோடரிக் காட்சியைத் தணிக்கையாளர் வெட்டினார்கள். ஆயினும் படம் நின்றது. சிறுவயதில் வேடிக்கை பார்த்த பாதை, இளமையில் தகர்க்க எண்ணிய பாதை. முப்பதாவது வயதில் திரையிலாவது அதை ஒருமுறை கோடரியால் வெட்டிவிட்டார்.

அதற்குள் நுரையீரலில் காசநோய் குடிபுகுந்துவிட்டது. 1935-இல் கொரியாவில் பேசும் படம் வந்தது. 1936-இல் அரிராங்கின் மூன்றாம் பகுதியைப் பேசும் படமாக எடுத்துப் பார்த்தார். பழைய வெற்றி திரும்பவில்லை. நோய் முற்றிய நிலையிலேயே ஓமோங்னியோ என்ற படத்தை இயக்கி முடித்தார். 1937 தொடக்கத்தில் அது வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள் கண் மூடினார். முப்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. திரையில் அவர் வாழ்ந்தது பன்னிரண்டு ஆண்டுகள்; நடித்த படங்கள் இருபதுக்கு மேல்.

அவை எல்லாம் எங்கே போயின? அன்றைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும், எளிதில் மக்கும். பின்னர் போர் வந்தது, நாடே இரண்டாயிற்று. அரிராங்கின் பிரதி ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளரிடம் இருப்பதாக நெடுங்காலம் பேச்சிருந்தது. 2005-இல் அவர் மறைந்த பின் தேடினார்கள், கிடைக்கவில்லை. பூசான் நாள்களில் அவரோடு இருந்த ஆன் சோங்-ஹ்வா 1934-இல் இயக்கிய ஊமைப் படம் ஒன்று 2007-இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கொரியப் படங்களில் ஒன்று அது. நண்பரின் படம் கிடைத்தது. நாவின் படம் கிடைக்கவில்லை.

முடிக்குமுன் ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1926 அக்டோபர் முதல் நாள் சியோல் நகரில் இரண்டு திறப்புகள் நிகழ்ந்தன. பழைய அரண்மனை வளாகத்தில், கொரிய மன்னரின் கொலு மண்டபத்தை மறைத்து, ஜப்பானிய ஆட்சித் தலைவருக்கெனக் கருங்கல்லால் எழுப்பிய மாளிகைக்கு அன்று திறப்பு விழா. அதே நாளில் தான்சோங்சா என்ற கொட்டகையில் அரிராங் படம் திரையேறியது. ஒன்று கல், மற்றொன்று வெறும் நிழல். எது நிலைக்கும் என்று அன்று யாரையேனும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

அந்த மாளிகையை 1995, 1996-ஆம் ஆண்டுகளில் கொரியர் இடித்து அகற்றினார்கள். படமும் அழிந்தது. நின்றது பாட்டு. பழைய பாட்டுத்தான், ஆயினும் இன்று கொரியர் எங்கும் பாடுவது அப்படத்தால் பரவிய மெட்டையே. 1991-இல் தென்னகமும் வடபுலமும் ஒரே அணியாக உலக மேசைப்பந்துப் போட்டிக்குப் போனபோது, நாட்டுப் பண்ணாக எதைப் பாடுவது என்ற சிக்கலுக்கு அரிராங்தான் விடையாயிற்று. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் இரு நாட்டுப் பெண்களும் சேர்ந்து ஆடியபோதும் அதே பாட்டு. யுனெஸ்கோவின் பட்டியலில் 2012-இல் தென்கொரியாவின் பெயராலும், 2014-இல் வடகொரியாவின் பெயராலும் அது இடம் பெற்றது. எதிலும் ஒன்றுபடாதவர்கள் இதில் ஒன்றுபட்டார்கள்.

நண்பர்களே! இன்றிரவும் உங்கள் அறைகளில் கொரிய நாடகம் ஓடும், ஓடட்டும். எப்போதாவது அதில் அந்தப் பாட்டின் மெட்டு காதில் விழுந்தால், இருப்புப் பாதையோரம் நின்று அதைக் கேட்ட சிறுவனை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்தை நாம் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்டதை நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.