ஒரே இரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

ஓசூர் பஸ் நிலையத்துக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெங்களூரு பஸ்ஸைப் பிடிக்க இன்னொரு கூட்டம் நிற்கும். அவர்களுக்கு நடுவே வேலூர் பஸ்ஸைத் தேடுகிறவர்களைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். கையில் பெரிய எக்ஸ்ரே கவர். தோளில் சாப்பாட்டுப் பை. கூடவே மெதுவாக நடந்து வரும் ஒரு பாட்டியோ தாத்தாவோ. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நம் எல்லைப்புறத்து மொழிகள் அத்தனையும் அந்த பஸ்ஸில் கேட்கும். கிருஷ்ணகிரி, பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர் என்று அந்த பஸ் போய்ச் சேருகிற இடத்தில்தான் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது.

அந்தப் பெரிய மருத்துவமனை எப்படி ஆரம்பமானது தெரியுமா? ஒரே ஒரு கட்டிலில்! அந்தக் கட்டிலைப் போட்ட பெண், சின்ன வயதில் இந்தியாவில் வாழவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஐடா ஸ்கடர். 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர், மருத்துவர். தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கடர்தான். அவரும் மருத்துவர், அவரும் ஊழியர். தாத்தாவின் ஏழு மகன்களும் இந்தியாவில் ஊழியம் செய்ய வந்தவர்கள். குடும்பமே அப்படி! ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கச்சி ஐடா. வீட்டில் எவ்வளவு செல்லமாக இருந்திருப்பாள், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அவள் கண்ணில் பட்டது செல்லம் மட்டுமல்ல. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. வேலூர்ப் பக்கமும் அதே நிலைதான். பசியால் வாடிய குழந்தைகளுக்கு ஐடாவின் வீட்டில் ரொட்டி கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கித் தின்னக்கூடச் சில குழந்தைகளுக்குத் தெம்பில்லை. ஆறேழு வயது ஐடாதான் ரொட்டியைப் பிய்த்து அவர்கள் வாயில் ஊட்டினாள். உங்களில் சிலருக்கு இப்போது அந்த வயதில் தம்பியோ தங்கையோ இருப்பார்கள், இல்லையா? அந்த வயதுக்கு அது பெரிய பாரம்.

பிறகு குடும்பம் அமெரிக்கா திரும்பியது. கொஞ்ச காலத்தில் அப்பா மட்டும் மறுபடியும் இந்தியாவுக்குக் கிளம்பினார். அடுத்து அம்மாவும் அவரிடம் போய்விட்டார். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டாள். இந்தியாதான் தன் பெற்றோரைத் தன்னிடமிருந்து பிரித்தது என்று அவளுக்குத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. விடுதியில் தங்கிப் படித்தாள். நன்றாக டென்னிஸ் விளையாடினாள். குறும்பும் அதிகம். படிப்பு முடிந்ததும் அமெரிக்காவிலேயே கல்யாணம் செய்துகொண்டு வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவள் கனவு. ஊழியம் மட்டும் வேண்டவே வேண்டாம்!

1890-இல் ஒரு செய்தி வந்தது. திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா கப்பல் ஏறினார்.

ஒரு நாள் இரவு அவர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே ஓர் இளம் பிராமணர். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி. தாயும் குழந்தையும் ஆபத்தில் இருக்கிறார்கள், உடனே வர வேண்டும் என்று கெஞ்சினார். தான் மருத்துவர் இல்லை, அப்பாதான் மருத்துவர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்த மனிதர் தயங்கினார். வேற்று ஆண் தன் மனைவியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவருடைய குலவழக்கம் ஏற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம். இந்த முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே ஆபத்து. ஐடா அப்பாவையே அழைத்து வந்து பேச வைத்தார். தானும் கூட வருவதாகச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. அந்த வீட்டிலும் வெளி ஆண் நுழையக் கூடாது. அவரும் போய்விட்டார்.

மூன்றாவதாகவும் ஒருவர் வந்தார். அவர் மேல்சாதி இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அதே வேண்டுகோள். அதே பதில். அதே முடிவு.

அந்த மூவரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்கு மனைவிமேல் பாசம் இருந்தவர்கள்தான். ஆனால் பரம்பரை வழக்கத்தை மீற அவர்களுக்குத் துணிவு வரவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அந்தக் காலத்தில் நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

அன்று இரவு ஐடா தூங்கவில்லை. கடவுளிடம் மன்றாடிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் தெருவில் பறைச் சத்தம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, இங்குள்ள பெண்களுக்காகவே திரும்பி வரப்போவதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். இந்தியாவே வேண்டாம் என்ற பெண்தானா இது என்று அவர்கள் வியந்திருப்பார்கள்!

நினைத்தவுடன் நடந்துவிடவில்லை. முதலில் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் இருந்த கார்னல் மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். அந்தக் கல்லூரி அப்போதுதான் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தது. 1899-இல் பட்டம் பெற்று டாக்டர் ஐடா ஆனார்.

புறப்படும் முன் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டும். 8,000 டாலர் திரட்டிக்கொள்ள அவருடைய திருச்சபையார் அனுமதி தந்திருந்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு நாள் ஓர் அம்மாளிடம் தன் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்த ஒரு முதியவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தது ஐடாவுக்குத் தெரியாது. அவர் ஷெல் என்ற வங்கி அதிபர். மறுநாளே ஐடாவைக் கூப்பிட்டு அனுப்பினார். இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்!

1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஐடா இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவிடம் இன்னும் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார். அந்த ஆண்டே அப்பா புற்றுநோயால் இறந்துவிட்டார்.

வேலூரில் அவர்கள் தங்கியிருந்த பங்களாவிலேயே ஓர் அறையில் ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். நோயாளிகள் வந்து குவிந்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை! இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு என்ன வைத்தியம் தெரியும் என்று ஊரார் சந்தேகப்பட்டார்கள். பிழைக்கவே முடியாத நிலையில் வந்த ஒரு நோயாளி இறந்துபோனதும் சந்தேகம் இன்னும் கூடியது. மெல்ல மெல்லத்தான் நம்பிக்கை வந்தது. சலோமி என்ற உள்ளூர்ப் பெண் உதவிக்கு நின்றார். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் அவருக்கு ஐடாவே சொல்லிக்கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-இல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி கட்டியாகிவிட்டது. ஆனால் கிராமத்து ஏழைகள் அங்கே எப்படி வருவார்கள்? இப்போதுபோல அப்போது பஸ் கிடையாதே! அதனால் ஐடாவே அவர்களைத் தேடிப் போனார். வாரத்தில் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் பயணம். முதலில் மாட்டு வண்டி. பிறகு 1909-இல் ஒரு குட்டி மோட்டார் கார் வந்தது. மாடும் குதிரையும் இல்லாமல் டபடபவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்த வண்டியைப் பார்த்துப் பேய் வருகிறது என்று மக்கள் வயல்வெளியில் இறங்கி ஓடினார்களாம்!

பயம் தெளிந்ததும் அதே மக்கள் மரத்தடிகளில் காத்திருக்கத் தொடங்கினார்கள். கண் நோய், சீழ் பிடித்த புண், சொத்தைப் பல், காய்ச்சல் குழந்தைகள்... கார் நின்ற இடமே ஆஸ்பத்திரி. ஊரே ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளும் வந்தார்கள். அவர்களின் புண்களையும் கழுவிக் கட்டுப் போட்டார்கள். ஐடாவுக்கு ஜெபம் என்பது காலையில் எழுந்ததும் செய்கிற காரியம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் செய்கிற காரியம். ஆனால் தன் பக்தியை அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அது சீழைத் துடைத்தது, பல்லைப் பிடுங்கியது, வெயிலில் புழுதிச் சாலையில் அலைந்தது. வந்தவர் எந்த மதம், எந்தச் சாதி என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறவில்லை.

ஒரு மருத்துவர் எத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்? 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்து, இந்தியப் பெண்களையே மருத்துவர்களாக்க ஒரு பள்ளி வேண்டும் என்றார். அப்போது சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தவர் கர்னல் பிரைசன். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிய விஷயம் என்று அவர் சிரித்தார். வந்த விண்ணப்பங்கள் எத்தனை தெரியுமா? 151!

1918 ஆகஸ்டில் பள்ளி திறந்தது. 17 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். போதுமான கட்டடம் இல்லை, போதுமான ஆசிரியர்கள் இல்லை. உடற்கூறு பாடத்தை ஐடாவே நடத்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து அரசுத் தேர்வு வந்தது. ஆண்களே ஐந்து பேரில் ஒருவர்தான் தேறுகிறார்கள், பெண்கள் தோற்றால் வருந்த வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார்கள். கடைசி வரை படித்த 14 பெண்களும் அந்தத் தேர்வை எழுதினார்கள். 14 பேரும் பாஸ்!

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான். 1878 டிசம்பர் 10 அவர் பிறந்த நாள். ஐடாவின் பிறந்த நாளுக்கு மறுநாள்! 1937-இல் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்தக் காலத்தில் மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள். இனிமேல் மருத்துவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகப் பட்டமே பெற வேண்டும், டிப்ளமா படிப்பு போதாது என்று அந்த ஆட்சியில் ஒரு முடிவு வந்தது. நல்ல மருத்துவர்கள் வேண்டும் என்பதற்கான முடிவுதான் அது. ஆனால் வேலூர்ப் பள்ளிக்கு அது இடியாக இறங்கியது. எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும். அதற்குப் பல லட்சம் ரூபாய் தேவை.

1941-இல் ஐடா அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். வயது 70! உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அப்போது ஒரு கடினமான கேள்வி எழுந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பல சபைகள் ஒன்றுசேர்ந்து உதவும், கல்லூரி பிழைக்கும். ஆனால் பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணத்தில் வளர்ந்த இடமாயிற்றே! ஐடா யோசித்து, ஆண்களையும் சேர்க்கச் சம்மதித்தார். பல ஆண்டுகள் அவருக்கு உறுதுணையாக இருந்த தோழியர் சிலர் இதைத் துரோகம் என்றே கருதினார்கள். அந்த வருத்தம் அவரை வெகுவாக வாட்டியது. அவர் செய்தது சரியா தவறா என்று நீங்களே வகுப்பில் விவாதித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், திண்டிவனத்தில் இறந்த அந்த மூன்று பெண்களை நினைத்துத்தான் அவர் முடிவெடுத்திருப்பார். கல்லூரியே இல்லை என்றால் யாருக்கு லாபம்?

கல்லூரி பிழைத்தது. 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஐடா ஓய்வு பெற்றிருந்தார். பிறகு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் அங்கே இயக்குநரானார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை டாக்டர் பால் பிராண்ட் அங்கேதான் 1948-இல் தொடங்கினார். மரத்தடியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டதில் ஆரம்பித்த வேலை அது!

ஐடா பாட்டியின் டென்னிஸ் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதை அவர் விடவே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, கொடைக்கானலில் நடந்த ஒரு போட்டியில் பள்ளி வயதுப் பெண் ஒருத்தி எதிரே நின்றாளாம். இந்தப் பாட்டியோடா ஆடுவது என்று அவள் அலட்சியமாக முணுமுணுத்தது ஐடாவின் காதில் விழுந்துவிட்டது. ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று விளாசித் தள்ளிவிட்டார் என்று சொல்வார்கள். நல்ல மனிதர்களுக்கும் கோபம் வரும், குட்டீஸ்!

1960-ஆம் ஆண்டு மே மாதம், 89-வது வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார். அவரைப் பற்றி வேலூரில் இன்னொரு கதையும் சொல்வார்கள். எங்கிருந்தோ யாரோ அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்களாம். ஊர், தெரு, மாவட்டம் எதையும் எழுதவில்லை. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டார்கள். நம் தபால்காரர்கள் அதை நேராக வேலூரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களாம்.